தண்ணீரைப் பார்த்து மீன் வாங்குங்கள்

தொட்டிக்குள் ஒரு குளம் – 7

தர்மபுரிப் பக்கம் பல வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. போர்வெல்லில் ஏற்றுவது உப்புத் தண்ணீர், அது புழங்க. தெருக்குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர், அது குடிக்க. நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறிய மாவட்டம் இது. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. மனிதருக்கு எந்தத் தண்ணீர் என்பது அதோடு முடிவாகிவிட்டது. மீன் தொட்டிக்கு?

நான் யோசிக்காமல் போர் தண்ணீரை நிரப்பி, பத்து நியான் டெட்ரா விட்டேன். சோதனைச் சொட்டு பி.எச். 8-ஐத் தாண்டிக் காட்டியது. அதை இறக்கக் கடையில் கொடுத்த அமிலக் கரைசலை ஊற்றினேன். சாயங்காலம் 7. விடிந்தால் மறுபடி 8. மறுபடி ஊற்றினேன். நான்காம் நாள் ஆறு மீன் மிதந்தன.

காரணம் தண்ணீரில் கரைந்திருந்த பைகார்பனேட். ஊற்றிய அமிலத்தோடு சேர்ந்து அது கரியமில வாயுவாக மாறுகிறது. வாயு நீரில் இருக்கும்வரை பி.எச். இறங்கியிருக்கும், இரவெல்லாம் காற்றுக் குமிழோடு அது வெளியேற, எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும். பி.எச்.சில் ஒரு எண் என்றால் அமிலத்தன்மையில் 10 மடங்கு வித்தியாசம். தினமும் அந்த ஏற்ற இறக்கத்தை எந்த மீன் தாங்கும்? போதாததற்கு, போன வாரம் பார்த்த அம்மோனியாவும் பி.எச். ஏற ஏறத்தான் நஞ்சாகிறது.

இனி கடினத்தன்மை. சோப்பு நுரைக்காததற்கும் வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிவதற்கும் காரணமான கால்சியமும் மக்னீசியமும்தான் அது. கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் இருந்தால் ஒரு டிகிரி. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு 200. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. டிகிரியில் சுமார் 11 முதல் 34 வரை. நியானோ அமேசான் படுகையில், மட்கிய இலை ஊறிய மென்னீரில் பிறந்த மீன்.

மென்னீர் மீன்தான் வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். வெறும் ஆர்.ஓ. கூடாது, தாங்கிப் பிடிக்க பைகார்பனேட் இல்லாமல் பி.எச். திடீரெனச் சரியும். பி.எச். இறக்கப் பாதாம் இலை போடுவதும் தண்ணீர் மென்மையான பிறகுதான் பலிக்கும். ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் உப்பு இன்னும் அடர்த்தி. ஒகேனக்கல் தண்ணீர் கலப்பதானால் குளோரினை நீக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக.

கோடையில் இன்னொரு கண்ணி. ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் வாரத்துக்கு வாரம் உப்பு கூடும். கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி விழும் வெள்ளைக் கோடு அதன் அறிகுறி. ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள்.

மிஞ்சிய நான்கு நியான்களை நண்பரின் மென்னீர்த் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன். என் தொட்டியில் இப்போது மெக்சிகோ பக்கத்து மீனான மோலி. கடின நீர் அதற்குப் பிறந்த வீடு. பி.எச். அப்படியேதான் இருக்கிறது; அமில பாட்டிலைத் திறந்து மாதக்கணக்காகிறது. போன வாரம் மோலி குட்டி போட்டது.

(அடுத்த வாரம்: உப்புத் தண்ணீரில் எந்தச் செடி வளரும்?)