இணை, செங்குத்து: அறிவியல் தமிழில் திசையைச் சொல்லுதல்

1821ஆம் ஆண்டில் சீபெக் என்னும் செருமானிய அறிவியலார் செம்பையும் பிஸ்மத்தையும் இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி விலகியது. வெப்பமே காந்தத்தைத் தோற்றுவித்ததாகக் கருதி, அவ்வாறே பெயரிட்டார். சுற்றில் ஓடிய மின்னோட்டமே ஊசியை விலக்கியது என விளக்கி, 'வெப்பமின்' என்று பொருள்படும் பெயரை வழங்கியவர் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட். காரணம் தெளிந்ததும் பெயரும் திருந்தியது.

இவ்விளைவைக் காந்த மென்படலங்களில் விளக்கும்போது நமக்கும் சொல்தெளிவு தேவைப்படுகிறது. கோபால்ட்டும் செம்பும் சில நானோமீட்டர் தடிப்பில் மாறி மாறி அடுக்கப்பட்ட படலத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கோபால்ட் அடுக்கின் காந்தமாக்கத்துக்கும் ஒரு திசை உண்டு. காந்தமாக்கல் என்பது செயல். காந்தமாக்கம் என்பது அளவும் திசையும் உடைய கணியம். அடுத்தடுத்த அடுக்குகளின் திசை ஒன்றாயின், ஒருவகைத் தற்சுழற்சியுடைய எலக்ட்ரான்கள் எளிதில் கடக்கின்றன. திசை எதிராயின், இருவகை எலக்ட்ரான்களும் ஏதேனும் ஓர் அடுக்கில் மிகுதியாகச் சிதறுகின்றன, மின்தடை உயர்கிறது. 1988இல் ஃபெர்ட், குருன்பெர்க் ஆகியோரின் குழுக்கள் இரும்பு, குரோமிய அடுக்குகளில் இதனைக் கண்டன. இவ்விருவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. வெப்பநிலை வேறுபாட்டால் எழும் மின்னழுத்தமும் எலக்ட்ரான் சிதறலைச் சார்ந்ததே. எனவே அதுவும் திசையோடு மாறுகிறது.

இவ்விடத்தில் 'இணையான காந்தமாக்கம்' என்று எழுதினால் போதுமா? இணைகோடுகள் சந்திப்பதில்லை என்று வடிவியல் கூறுகிறது; அம்புமுனை எப்பக்கம் என்பதை 'இணை' என்னும் சொல் உணர்த்தாது. எதிரெதிர் அம்புகளும் இணையானவையே. விளைவோ அம்புமுனையைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே 'ஒருதிசைக் காந்தமாக்கம்', 'எதிர்த்திசைக் காந்தமாக்கம்' என்பனவே தெளிவு தரும்.

'செங்குத்து' என்னும் சொல்லிலும் கருத்துத் தேவை. காந்த உலோகத்தில், வெப்பம் பாயும் திசைக்கும் காந்தமாக்கத்துக்கும் ஒருங்கே செங்குத்தாக ஒரு மின்னழுத்தம் எழும். 1886இல் எட்டிங்ஸ்ஹவுசனும் நெர்ன்ஸ்ட்டும் காந்தப்புலத்தில் வைத்த பிஸ்மத்தில் கண்ட விளைவின் உறவு இது. காந்தமாக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இம்மின்னழுத்தத்தின் குறி மாறும். வெப்பம் பாயும் திசையிலேயே திருப்பினால் அது மறையும். 'செங்குத்துக் காந்தமாக்கம்' என்று மட்டும் எழுதினால், படலத்தின் தளத்துக்கா, வெப்பப் பாய்வுக்கா என மாணவர் மயங்குவர். நான்காம் வேற்றுமையுருபு ஏற்ற ஒரு பெயரை முன்னே சேர்த்தால் மயக்கம் தீரும்: 'தளத்துக்குச் செங்குத்தான', 'வெப்பப் பாய்வுக்குச் செங்குத்தான'.

இப்பாடத்தைக் கற்பிப்போர் ஒவ்வொரு விடையிலும் மூன்று திசைகளைத் தேடுக: வெப்பம் எத்திசையில் பாய்கிறது, காந்தமாக்கம் எத்திசையில் உள்ளது, மின்னழுத்தம் எத்திசையில் அளக்கப்பட்டது. மூன்றும் எழுதப்பட்ட விடையே முழுமையான விடை.