பாடநூலும் படநூலும்

யாழ்ப்பாணத்திலே பிள்ளைக்கு ஏடு தொடக்குதல் ஒரு மங்கல நிகழ்ச்சி. விசயதசமியன்றோ தைப்பூசத்தன்றோ பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியிலிருத்தி, அதன் விரலைப் பிடித்து, தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியிலே அகரம் எழுதுவிப்பர். கல்வியின் தொடக்கத்தை இத்துணைப் பத்தியோடு போற்றும் சமுதாயம், எழுத்தறிந்த பின்னர் அப்பிள்ளை தானே விரும்பிப் படித்தற்கு எத்தகைய நூலை அதன் கையிற் கொடுக்கின்றது? இவ்வினா ஆசிரியரும் பெற்றோரும் ஒருங்கே சிந்திக்கற்பாலது.

தமிழிலே பிள்ளையைப் பாடும் மரபு பழையது. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் அதற்குச் சான்று. ஆயினும், பிள்ளையைப் பாடுவது வேறு. பிள்ளைக்குப் பாடுவது வேறு. பிள்ளைத்தமிழின் சொல்லும் பொருளும் கற்றோர் செவிக்கே விருந்தாவன. திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர் மனனஞ் செய்த ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியன நீதி புகட்டுதற்கு எழுந்தன. கற்பனைக்கு இன்பந் தருதல் அவற்றின் முதல் நோக்கமன்று. அவ்வின்பத்தைப் பாட்டிமார் சொன்ன கதைகளும் நொடிகளும் தாலாட்டுக்களும் அளித்தன. அவற்றுட் பல ஏட்டில் ஏறாது வாய்மொழியாகவே நின்றன.

பிள்ளைகளுக்கென அச்சு நூல் வேண்டும் என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கி, பின்னர் அச்சியந்திரத்தின் துணையோடு நூல்களைப் பரப்பிவந்தனர். அந்நிலையில் நாவலர் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கட்டடமும் ஆசிரியரும் மாத்திரம் இருந்தாற் போதா என்று கண்டு, பாலபாடங்களைத் தாமே இயற்றி அச்சிடுவித்தார். எழுத்திலே தொடங்கிச் சொல்லாகவும் சிறு வாக்கியமாகவும் வளர்ந்து, ஒழுக்கமும் சமயமும் உணர்த்தும் கட்டுரைகளாக விரியும் அவற்றின் படிமுறை இன்றும் வியத்தற்குரியது. பல தலைமுறையினர் அந்நூல்களாலே தமிழ் வசனத்தைப் பிழையறப் பயின்றனர். எனினும் அவை பாடநூல்கள். ஆசிரியர் கற்பிக்க, மாணவர் கற்றற்குரியன.

பிள்ளை தானே விரும்பிப் பாடும் பாட்டு இருபதாம் நூற்றாண்டிலே செழித்தது. தமிழகத்திற் பாரதியார் 1915 ஆம் ஆண்டிற் பாப்பாப் பாட்டை வெளியிட்டார். கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளையும், பின்னர் அழ. வள்ளியப்பாவும் (1922–1989) அத்துறையை வளம்படுத்தினர். யாழ்ப்பாணத்தில் அப்பணியைத் தலைநின்று செய்தவர் நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் (1878–1953). தங்கத் தாத்தா என்று பிள்ளைகளால் அழைக்கப்படும் அவரது பாடல்கள் சிறுவர் செந்தமிழ் என்னும் தொகுதியாக வெளிவந்தன. ஆடிப்பிறப்பின் கூழும் கொழுக்கட்டையும், கத்தரித் தோட்டத்திலே காவல் நிற்கும் வெருளியும் அவருக்குப் பாடுபொருளாயின.

அவரது பவளக்கொடி என்னும் கதைப்பாட்டு தனியே நோக்கற்குரியது. பாற்குடத்தைச் சுமந்து செல்லும் பெண், வரப்போகும் செல்வத்தை எண்ணி மயங்கிக் குடத்தை வீழ்த்திய கதை மேனாட்டிற் பரவலாக வழங்குவது. அப்பெண்ணைப் புலவர் பருத்தித்துறையிற் பால் விற்பவளாக ஆக்கிவிட்டார். கதை எங்கிருந்து வந்தது என்று எந்தப் பிள்ளையும் வினாவுவதில்லை. தான் அறிந்த ஊரின் பெயரும் தான் கேட்ட மொழியும் வருதலால் அதனைத் தன் கதை என்றே கொள்கின்றது. பிறநாட்டுச் சரக்கைத் தன்னாட்டுப் பொருளாக மாற்றும் கலை இதுவேயாம்.

பாடநூலும் பாட்டுநூலும் இவ்வாறு வளர, மூன்றாவதாகிய படநூல் அவற்றுக்கு ஒப்ப வளரவில்லை. படநூலாவது, இடையிடையே படம் செறிக்கப்பட்ட கதைநூலன்று. அதிலே படமும் சொல்லும் பாதிப்பாதியாகக் கதையைத் தாங்கும். 1658 ஆம் ஆண்டில் கொமேனியசு என்னும் கல்வியறிஞர் உலகப் பொருள்களைப் படங்களாற் காட்டிச் சொல் கற்பிக்கும் நூலொன்றை நூரம்பேர்க் நகரில் வெளியிட்டார். சிறுவர் படநூலின் வரலாற்றை அந்நூலிலிருந்து தொடங்குதல் மரபு. ஆயினும் அதிலே படம் சொல்லுக்கு ஏவல் செய்தது. பிற்காலத்துப் படநூலிலோ, சொல் கூறாததைப் படம் கூறும்.

1968 ஆம் ஆண்டில் பற் கச்சின்சு என்னும் ஆங்கிலப் பெண்மணி வெளியிட்ட 'ரோசியின் உலா' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பெட்டைக்கோழியொன்று பண்ணையைச் சுற்றி உலாவி இராவுணவு நேரத்துக்குத் திரும்புகின்றது. நூலின் சொற்கள் அனைத்தும் கூறுவது இவ்வளவே. படத்திலோ ஒவ்வொரு பக்கத்திலும் நரியொன்று கோழியைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் இடருற்று ஏமாறுகின்றது. நரியைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. வாசித்துக் காட்டும் பெரியவர் கோழியைப் பற்றிப் படிக்க, எழுத்தறியாத பிள்ளை நரியைச் சுட்டிக் கதை சொல்கின்றது. உற்றுநோக்கல், ஊகித்தல், எடுத்துரைத்தல் என்னும் மூன்று ஆற்றல்களும் அங்கே தாமாகவே பயிற்சி பெறுகின்றன. யாழ்ப்பாணத்து வளவிலும் கோழி உண்டு. வேலியோரத்திற் கீரி உண்டு. பூவரசும் கிடுகுவேலியும் படலையும் கிணற்றடியும் சித்திரக்காரனுக்குக் காத்துக் கிடக்கின்றன.

இலங்கைக் கிராமம் உலகோர்க்குச் சுவைக்குமோ என ஐயுறவேண்டியதில்லை. சிபில் வெத்தசிங்க (1927–2020) எழுதி வரைந்த குடைத்திருடன் கதை அதற்குச் சான்று. குடையையே காணாத ஊரான் ஒருவன் பட்டினத்திற் குடை வாங்கி வருந்தோறும் அது களவு போகின்றது. ஈற்றிற் கள்வன் ஒரு குரங்கு என்று தெரிகின்றது. சிங்களத்திற் பிறந்த இக்கதை பன்மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. ஊரின் தன்மை அக்கதையின் உலாவுக்குத் தடையாகாது துணையே ஆயிற்று.

படநூல் குறைந்தமைக்குக் காரணங்கள் உள. முதலாவது பொருட்செலவு. வண்ணப்படம் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்னும் நான்கு மைகளால் அமைவது. நிறத்துக்கொரு தகடு வேண்டும். ஐந்நூறு படி அச்சிடினும் ஐயாயிரம் அச்சிடினும் தகட்டுச் செலவு ஒன்றே. ஆதலின், வாசகர் தொகை சிறிதாயின் ஒரு படியின் விலை ஏறும். ஈயவெழுத்துக் கோத்த காலத்திலோ படந்தோறும் தனித்தனி புளொக் செய்விக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம் இழப்பு. 1959 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பேரிடப்பெயர்வுற்றபோது, கையில் எடுத்தவை துணியும் அரிசியுமே; பிள்ளைகளின் புத்தகங்கள் வீட்டோடு நின்றுவிட்டன. சிறுவர் நூல் மெல்லிய அட்டையும் சில தாள்களும் உடையது. பல கைகளிற் புரள்வது. ஆகவே முதலில் அழிவதும் அதுவே. 2005 ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைத் தேடிச் சேர்த்துவருதல் இவ்வகையிற் பெரும் ஆறுதல்.

மூன்றாவது காரணம் மனப்பாங்கு. பரீட்சைக்கு உதவாத நூல் வீண் என்னும் எண்ணம் குடாநாட்டிலே வேரூன்றியது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நோக்கி ஓடும் பிள்ளைக்கு வினாத்தாட் கட்டுக்களை வாங்கிக் குவிக்கும் பெற்றோர், ஒரு கதைப்புத்தகத்துக்குச் செலவிடத் தயங்குவர். அப்பிள்ளை வாசிக்கக் கற்கும். வாசிப்பை விரும்பக் கல்லாது. பரீட்சை முடிந்தபின் புத்தகத்தை மூடிவிடும் பட்டதாரிகள் பலர் இப்பழக்கத்தின் பயனாகவே உருவாகின்றனர். மொழியொன்று தன் வாசகரை இழப்பது பல்கலைக்கழகத்திலன்று. அரிவரி வகுப்பிலேயே இழக்கின்றது.

இக்குறையைப் போக்குதல் இயலாததன்று. ஊர்தோறும் முதியோர் சொல்லும் கதைகளையும் நொடிகளையும் அவர்கள் உள்ளபோதே எழுதிக்கொள்ளலாம். மேல்வகுப்பிற் சித்திரம் பயிலும் மாணவர் அவற்றுக்குப் படம் வரைந்து கீழ்வகுப்பினர்க்குக் கையெழுத்துப் படநூல் ஆக்கலாம். அதற்கு அச்சுக்கூடம் வேண்டியதில்லை. தாளும் தூரிகையும் போதும். பாடசாலை நூலகம் தன் ஆண்டுப் பணத்தில் ஒரு பங்கைப் படநூலுக்கென ஒதுக்கலாம். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் வினாவும் புள்ளியும் இன்றிப் பிள்ளைகள் வாசித்து மகிழ இடமளிக்கலாம். பழைய மாணவர் பரிசளிப்பு விழாவுக்கு அளிக்கும் கொடையிலே, கீழ்வகுப்புப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க கதைநூலும் இடம்பெறலாம்.

நாவலர் தம் காலத்தின் தேவையறிந்து பாடநூல் தந்தார். புலவர் தம் காலத்தின் தேவையறிந்து பாட்டுத் தந்தார். அரிசியில் அகரம் எழுதிய விரல், அடுத்து ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் தானே புரட்டி, அங்கே தன் ஊரையும் தன் வளவையும் காணும்படி செய்தல் இக்காலத்து ஆசிரியரின் கடனாகும்.