மோசேயின் சுமையும் நம் ஆசிரியரின் சுமையும்



2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியில் கொவிட்-19 தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டபோது, அவை பழையபடி இயங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் செல்லும் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. திறப்பதும் மூடுவதுமாகவே அக்காலம் கழிந்தது. உலகெங்கும் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வகுப்பறையை இழந்திருந்த நாள்கள் அவை. டிக்கோயாவிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் அஞ்சாமல் தேயிலை மலைகளின் ஊடாக வரிசையாய் நடந்து செல்லும் வெள்ளைச் சீருடைகளை அந்நாள்களில் காண இயலவில்லை. அப்போது நம் ஆசிரியர்களைப் பற்றி நம்மிடையே வழங்கிய பேச்சுகளைச் சற்றே நினைவுகூர்ந்து பாருங்கள். “வீட்டில் இருந்தபடியே சம்பளம் வாங்குகிறார்கள்” என்பது அவற்றுள் ஒன்று. “ஐந்து நிமிடம் குரல் பதிவு அனுப்பிவிட்டால் பாடம் முடிந்துவிட்டதாம்” என்பது மற்றொன்று. தோட்டத்துக் கடை வாசலிலும், பஸ் தரிப்பிடத்திலும், ஏன், ஆலய வளாகத்திலுங்கூட இவை பேசப்பட்டன.

அந்த ஆசிரியர்கள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அறிந்தவர் சிலரே. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் ஒரு டிவிசனில் கிடைக்கும் சிக்னல் அடுத்த டிவிசனில் கிடைப்பதில்லை. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே கைத்தொலைபேசி. அதுவும் பல வீடுகளில் இணைய வசதியற்ற பழைய தொலைபேசி. இணைய வசதியுள்ள தொலைபேசி இருந்தாலும் அது பகல் முழுவதும் வேலைக்குச் சென்ற தந்தையின் சட்டைப்பையில் இருக்கும். எனவே, காலையில் அனுப்பிய பாடத்தைப் பிள்ளை காண்பது மாலை ஆறு மணிக்குப் பின்னர். எழுதி முடித்த பயிற்சியை நிழற்படமெடுத்து அனுப்புவது இரவு ஒன்பது மணிக்கு. மங்கலாக வந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தும் ஆசிரியைக்கு உறக்கம் எப்போது? டேட்டாவுக்கான செலவு அவருடையது. இணையம் எட்டாத பிள்ளைகளுக்காகச் செயலட்டைகளைத் தம் செலவில் பிரதியெடுத்து, ஊரடங்கு தளர்ந்த நாள்களில் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்களும் இருந்தனர். அன்றன்று யார் யார் வகுப்பில் இணைந்தார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவே அவர்தம் பிள்ளைகள் அதே வீட்டில், அதே ஒரு தொலைபேசிக்காகக் காத்திருந்தார்கள். மலையகத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று இது. ஊவா மாகாணத்தின் பின்தங்கிய கிராமங்களிலும் சிக்னல் தேடி ஆசிரியரும் மாணவரும் மலையுச்சிக்கும் பாறை மேட்டுக்கும் ஏறிய செய்திகளை 2021இல் வெளிநாட்டு ஊடகங்களும் வெளியிட்டன.

நம் தோட்டப் பாடசாலைகளில் கற்பிப்போர் யாவர் என்பதையும் மறந்துவிடலாகாது. கங்காணிமார் காலத்தில் லயத்துத் திண்ணையிலோ பெரட்டுக் களத்தின் ஓரத்திலோ தொடங்கிய கல்வி இது. 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்க வேண்டுமென்று 1920ஆம் ஆண்டின் சட்டம் தோட்ட நிர்வாகங்களைப் பணித்தது. ஆனால், ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்புகள் என்ற நிலையே பல தோட்டங்களில் பல்லாண்டுகள் நீடித்தது. 1977 முதல் படிப்படியாக அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னரே நிலைமை சீராகத் தொடங்கியது. இன்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களுள் மிகப் பலர் அதே லயங்களில் பிறந்து உயர்தரம் வரை படித்தவர்கள். 2015 அளவில் ஆசிரியர் உதவியாளர்களாக நியமனம் பெற்ற நம் இளைஞர் யுவதிகளுக்கு மாதக் கொடுப்பனவாகக் கிடைத்தது 6,000 ரூபாய். பின்னரே அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. பஸ் கட்டணத்துக்கும் மதிய உணவுக்குமே போதாத அத்தொகையோடு பாடசாலைக்குச் சென்று, பின்னர் ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியையும் முடித்து வந்தவர்கள் அவர்கள். தொற்றுக் காலத்தில் “சும்மா இருக்கிறார்கள்” என்ற பழிச்சொல்லைக் கேட்டவர்களுள் அவர்களும் அடங்குவர்.

எனினும், பெற்றோரின் கோபத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுவது நீதியாகாது. 2021 ஜூலை 12ஆம் திகதி முதல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. 24 ஆண்டுகளாகத் தீராதிருந்த சம்பள முரண்பாடும், அம்மாதத் தொடக்கத்தில் ஆர்ப்பாட்டத்தில் கைதான சங்கத் தலைவர்கள் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டதும் அதற்குக் காரணங்களாயின. அக்டோபர் வரை, மூன்று மாதங்களுக்கு மேலாகப் போராட்டம் நீடித்தது. நகரத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு இருந்தது. லயத்துப் பிள்ளைக்கு அந்த வட்ஸ்அப் குழுவைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுவும் மௌனமாயிற்று. புலமைப்பரிசில் பரீட்சை அடுத்த ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. சில பிள்ளைகள் கடைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் எல்லாரும் வகுப்பறைக்குத் திரும்பவில்லை. அதைக் கண்ட தாய் ஒருத்தி வாய்விட்டுப் பேசினால் அது அவளுடைய நோவு. அந்நோவை ஆசிரியர்களும் கேட்கத்தான் வேண்டும்.

ஆயினும் ஒன்று. அதே 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான், தோட்டத் தொழிலாளரின் நாளொன்றுக்கான 1,000 ரூபாய்ச் சம்பளம் வர்த்தமானியில் வெளியாயிற்று. அதற்காக எத்தனை ஆண்டுகள் நீங்கள் வீதியில் நின்றீர்கள்! கொழுந்து பறிக்காமல் நின்ற நாள்களில், “இவர்களால் நாட்டின் வருமானம் கெடுகிறது” என்று உங்களைக் குறைகூறியவர்களை நீங்கள் அறிவீர்கள். உழைப்பாளிக்குத் தன் நியாயமான கூலிக்காகப் பணிநிறுத்தம் செய்யும் உரிமை உண்டு என்று திருச்சபை கற்பிக்கிறது. அதே வேளை, அது இறுதி வழியாகவே அமைய வேண்டும் என்றும், சமுதாயத்துக்கு இன்றியமையாத சேவைகள் தடைப்படலாகாது என்றும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட, மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் எச்சரிக்கிறார். மூன்று மாதம் நீண்ட அப்போராட்டம் அந்த எல்லையைக் கடந்ததா என்பதில் கருத்து வேறுபடலாம். கடந்தது என்று கருதுவோரின் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால், கூலிக்காகப் போராடிய தொழிலாளியின் வாயிலிருந்தே, கூலிக்காகப் போராடிய ஆசிரியருக்கு எதிரான ஏளனம் வருவது பொருந்துமா?

இவ்விடத்தில் திருவிவிலியத்தைத் திறப்போம். எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தில் மக்கள் மோசேக்கு எதிராக முறுமுறுக்கிறார்கள். எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி, கூடாரந்தோறும் அழுகை. மோசே நொந்துபோகிறார். இம்மக்களைக் கருத்தாங்கியவன் நானோ, பால்குடிக் குழந்தையைச் சுமப்பதுபோல் இவர்களை நான் எப்படிச் சுமப்பேன் என்று இறைவனிடம் முறையிடுகிறார். இப்படியே விடுவதைவிட என்னைக் கொன்றுவிடும் என்றுகூடக் கேட்டுவிடுகிறார். இறைவனின் மாபெரும் ஊழியர் ஒருவரின் வாயிலிருந்து வந்த விண்ணப்பம் இது! இரவில் தொலைபேசியை அணைத்துவிட்டு, இந்த வேலையே வேண்டாம் என்று கண்ணீர் வடித்த ஆசிரியை தம் விசுவாசம் குன்றிவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இறைவன் அளித்த மறுமொழியைக் கவனியுங்கள். பொறுமையைப் பற்றி அவர் மோசேக்குப் போதிக்கவில்லை. அவரது முறையீட்டுக்காக அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. மக்களுள் மூப்பர் 70 பேரைக் கூட்டிச் சேர்க்கச் சொல்கிறார். மோசேயின் மேலிருந்த ஆவியில் பங்கை அவர்களுக்கும் அளித்து, இனி இச்சுமையை நீ தனியே சுமக்கமாட்டாய் என்கிறார். விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரத்திலும் இதே பாடத்தைக் காண்கிறோம். காலை முதல் மாலை வரை ஓய்வின்றி அமர்ந்திருந்த மருமகனைக் கண்ட இத்திரோ, நீர் செய்வது நன்றன்று, நீரும் களைத்துப்போவீர், உம்மோடுள்ள மக்களும் களைத்துப்போவார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். மாமனாரின் புத்திமதியை மருமகன் உடனே ஏற்றுக்கொண்டது நம் குடும்பங்களில் அரிதாகக் காணப்படும் ஒன்று என்பது வேறு கதை. சுமையைப் பகிர்ந்துகொள்ள அழைக்கப்பட்டவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? முறுமுறுத்த அதே மக்கள் கூட்டத்திலிருந்துதான்.

ஆசிரியர்களின் பாதுகாவலராகத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதரால் 1950ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட புனித யோவான் பப்திஸ்து டி லா சால் என்பவரின் வாழ்வும் இங்கே நினைக்கத் தக்கது. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் 1651இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், தம் சொத்தைப் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு, ஏழைச் சிறுவருக்கான இலவசப் பாடசாலைகளுக்குத் தம்மை அர்ப்பணித்தார். இலத்தீன் மொழியில் வாசிக்கத் தொடங்கும் வழக்கத்தை மாற்றித் தாய்மொழியிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். இதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு வழக்குகள்! கட்டணம் பெற்று எழுத்துக் கற்பித்தோரின் சங்கம் பாரிஸ் நகரில் அவருக்கு எதிராக நீதிமன்றம் ஏறியது. 1702இல் சபைத் தலைமையிலிருந்து அவரை அகற்றவும் திருச்சபை அதிகாரிகள் முயன்றனர். 1712இல் மற்றொரு வழக்கில் தீர்ப்பு அவருக்குப் பாதகமாக அமைந்தது. நற்பெயர் சிதைந்த நிலையில், தாமே தம் சபைக்குத் தடையாயிருப்பதாக எண்ணி, தென்பிரான்சுக்கு ஒதுங்கிச் சென்றார். கிரெனோபில் நகருக்கு அண்மையில் பார்மெனி என்ற குன்றின் மீதிருந்த தியான இல்லத்தில் தங்கினார்.

அவரை மீட்டெடுத்தது எது? 1714 ஏப்ரல் முதலாம் திகதி பாரிஸிலிருந்த அருட்சகோதரர்கள் ஒன்றுகூடி அவருக்கு ஒரு மடல் எழுதினார்கள். நீர் எங்களுக்குத் தேவை, திரும்பி வாரும் என்று வேண்டியதோடு நில்லாமல், அவர் அளித்திருந்த கீழ்ப்படிதல் வாக்கின் பேரில் கட்டளையும் இட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி அவர் பாரிஸுக்குத் திரும்பினார். 1719ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று இறக்கும்வரை தம் சகோதரர்களோடு இருந்தார். அவருடைய சபைத் துறவியர் 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கைக்கு வந்து கல்விப் பணியாற்றத் தொடங்கினார்கள். அந்த ஒரு மடல் எழுதப்படாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாடசாலை மூடப்படுவது கொவிட் தொற்றோடு முடிந்துவிடவில்லை. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் எரிபொருள் இல்லாமையால் பாடசாலைகள் மூடப்பட்டு, பின்னர் வாரத்தில் மூன்று நாள்கள் என்று நடைபெற்றன. பஸ் வராத மலைப் பாதைகளில் ஆசிரியைகள் கிலோமீற்றர் கணக்கில் நடந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தைச் சிதைத்தபோது மீண்டும் வகுப்பறைகள் மூடப்பட்டன. இன்னும் ஒரு முறை இது நேரும். அப்போது நம் குடும்பங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. வீட்டுத் தொலைபேசியை மாலையில் எந்த மணி நேரம் பிள்ளையிடம் தர இயலும் என்பதைத் தீர்மானித்து ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நள்ளிரவு வரை அவர் காத்திருக்க நேராது. உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் அண்ணனோ அக்காவோ டிவிசனிலுள்ள சிறு பிள்ளைகள் பத்துப் பேரை ஒன்றாக அமர்த்திச் செயலட்டைகளைச் செய்விக்கலாம். அதற்கு ஆலய மண்டபத்தைத் திறந்துவிடப் பங்குச் சபை முன்வரலாம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது, பெற்றோரும் வாயிலில் நின்று புத்தகப்பைகளைச் சோதித்தார்கள் அல்லவா? அச்சம் வந்தபோது பகிர்ந்த சுமையைக் கல்விக்காகவும் பகிரலாம். குறை இருப்பின், அதைக் கடை வாசலில் சொல்லாமல், அதிபரின் அறையில் அமர்ந்து, பெயரைச் சொல்லிப் பேசலாம்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் பழிச்சொல்லும் பகையன்று; அவற்றுள் ஒரு தாயின் அழுகையைப் பிரித்தறியுங்கள். களைத்துவிட்டேன் என்று சொல்ல நாணாதீர்கள். இரவில் ஒரு மணி நேரத்துக்குப் பின் செய்திகளைப் பார்க்க மாட்டேன் என்று அறிவித்துவிடுவது குற்றமன்று. உறக்கம் தொடர்ந்து கெடுமாயின் மருத்துவரையும் நாடுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை தொலைவில் இல்லை.

2020 ஏப்ரலில், தம் காலைத் திருப்பலியில் இணையவழி கற்பிக்கப் பாடுபடும் ஆசிரியர்களுக்காக மன்றாடினார் காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ். வரும் ஞாயிறு உங்கள் பங்கின் விசுவாசிகள் மன்றாட்டிலும் அவ்வாறு ஒரு மன்றாட்டுச் சேரட்டும். திருப்பலி முடிந்ததும், திங்கள் காலை நோர்வூட் வீதியில் பஸ்ஸுக்காகக் குடையோடு நிற்கும் உங்கள் பிள்ளையின் ஆசிரியையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர் பாடசாலைக்குச் சென்ற பின் அவர்களைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று இதுவரை நீங்கள் அவரிடம் கேட்டதுண்டா?