தலைக்குள் ஏறும் அழுத்தம்

தலைவலி எல்லோருக்கும் வரும். வெயிலில் அலைந்தால் வரும். தூக்கம் கெட்டாலும் வரும். ஓய்வு எடுத்தால் போய்விடும். ஆனால் எல்லாத் தலைவலியும் ஒன்றல்ல.

நமது மண்டை ஓடு மூடிய பெட்டி போன்றது. அதற்குள் மூளை இருக்கிறது. இரத்தம் ஓடுகிறது. தெளிந்த நீரும் ஓடுகிறது. உள்ளே கட்டி வளர்ந்தால் பெட்டி விரியாது. நீர் ஓடும் வழியைக் கட்டி அடைத்தால் நீர் தேங்கும். அழுத்தம் ஏறும். மூளை நசுங்கும்.

கட்டி எப்படி வருகிறது?

இந்தியாவில் இதற்கு ஒரு முக்கியக் காரணம் பன்றி நாடாப்புழு. வேகாத பன்றி இறைச்சி தின்பவரின் குடலில் இது வளரும். அவருடைய மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறும். மண்ணிலும் தண்ணீரிலும் காய்கறியிலும் கலக்கும். கழுவாத கையில் ஒட்டி வாய்க்குள் போகும். முட்டையிலிருந்து வரும் புழுக்குஞ்சு இரத்தத்தின் வழியே மூளைக்குப் போகலாம். அங்கே நீர்க்கட்டியாகத் தங்கும். இறைச்சியே தொடாதவருக்கும் இது வரலாம்.

அழுத்தம் ஏறியதை எப்படி அறிவது?

காலையில் எழும்போதே தலை வலிக்கும். இருமினால், குனிந்தால் வலி கூடும். வாந்தி வரும். பார்வை மங்கும். ஒன்று இரண்டாகத் தெரியும். தூக்கக் கலக்கம் இருக்கும். சிலருக்கு வலிப்பும் வரும்.

டாக்டர் என்ன செய்வார்?

சிறு கருவியால் கண்ணுக்குள் பார்ப்பார். 1851-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுபிடித்த கருவி அது. அழுத்தம் ஏறினால் கண் நரம்பின் முனை வீங்கியிருக்கும். ஆனால் வீக்கம் தெரியச் சில நாள் ஆகலாம். ஆகவே கண் நன்றாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி எங்கே, நீர் தேங்கியதா என்பது அதில் தெரியும். ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கக் கூடாது. அழுத்தம் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

முதலில் அழுத்தத்தைக் குறைப்பார்கள். நீர் தேங்கியிருந்தால் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். புழு மருந்து பிறகுதான். இந்த அடையாளங்கள் உள்ளவர் தாமாகப் புழு மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. புழு சாகும்போது வீக்கம் கூடும்.

பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள். தாமதித்தால் கண் போகும். உயிரும் போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழிப்பறையைப் பயன்படுத்துவோம். சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். காய்கறியைக் கழுவித் தின்போம். இறைச்சியை நன்றாக வேகவைப்போம். இந்த நோயை வராமல் தடுக்க நம்மால் முடியும்.