கியர்பாக்ஸ் குறையும் விற்றவரின் மௌனமும்

செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கப் போகிறவர்கள் ஃபேரிங்கில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், ஆர்சி புக்கைப் புரட்டுவார்கள். கியர்பாக்ஸை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. ஆர்15, ஆர்சி 200, நின்ஜா 300 போன்ற வண்டிகளில் கியர் செட்டைக் கையால் தொட வேண்டுமென்றால் என்ஜினை இறக்கி, கேஸைப் பிரித்தாக வேண்டும். தெருமுனை வரை போய்த் திரும்பும் டிரையலில் கியர்பாக்ஸ் குறை வெளியே வராது. விற்பவருக்கும் அது தெரியும்.

இந்த பைக்குகளில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுழல்கின்றன. கியரை மிதிக்கும்போது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஷிஃப்ட் ஃபோர்க் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதில் துருத்தி நிற்கும் டாக் என்ற கட்டைகள் பக்கத்துச் சக்கரத்தின் குழியில் போய் மாட்டிக்கொள்ளும். புதிதில் அந்தக் கட்டையின் விளிம்பு கூராக இருக்கும். கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக் கியரை உதைத்தே ஓட்டிய வண்டியில் விளிம்பு உருண்டு தேய்ந்து, தேய்ந்த இடம் பளபளவென்று மின்னும். அதன்பின் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் டாக் குழியில் நிற்காமல் வழுக்கி வெளியே வரும், வண்டி சட்டென்று நியூட்ரலில் நிற்கும். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நியூட்ரல் இருப்பதால், பாதி விழுந்தும் விழாமலும் அதிகம் அடிபடுவது இரண்டாவது கியர்தான்.

லாரியை முந்தும்போது கியர் கழன்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைவிட மோசமானது, உடைந்த பல் ஒன்று சக்கரங்களுக்கிடையே சிக்குவது. பின் வீல் இறுகிவிடும். கியர்பாக்ஸ் கிளட்சுக்கும் வீலுக்கும் நடுவில் இருப்பதால், அந்த நேரத்தில் கிளட்சைப் பிடித்தாலும் வீல் விடுபடாது. கியர் கழலாமலிருக்க லீவரைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. அப்படி ஓட்ட ஓட்ட ஃபோர்க்கும் தேய்ந்து செலவு இரட்டிப்பாகும்.

எனவே டிரையல் ஓட்டம் குறைந்தது கால் மணி நேரமாவது இருக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடாகி ஆயில் இளகிய பிறகு, காலியான சாலையில் இரண்டாவது கியரிலும் மூன்றாவதிலும் ஆக்சிலரேட்டரை முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கிப் பாருங்கள். கழன்றால் உள்ளே வேலை இருக்கிறது. இந்த ஓட்டத்துக்கு மறுப்பவரிடம் பைக் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் கியர் தொல்லை எல்லாமே கியர்பாக்ஸ் தொல்லை அல்ல. என்ஜின் ஓடாதபோது கியர் ஒழுங்காக விழுந்து, ஓடும்போது மட்டும் இறுகினால், நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காமல் அலைக்கழித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். கேபிளைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடலாம். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். காருக்கான ஆயிலை ஊற்றினாலும் இது வரும். பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். மிதித்த லீவர் திரும்பி வரவில்லையென்றால், பல வண்டிகளில் கிளட்ச் கவரைக் கழற்றியே ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம். தேய்ந்த செயின் ஸ்பிராக்கெட்டும் கியர் தட்டுவது போலவே சத்தம் போடும். நின்ஜா 300 நிற்கும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகாமல் நியூட்ரலிலேயே நிற்கும். அது குறை அல்ல, கவாசாகி வேண்டுமென்றே வைத்த அமைப்பு.

இவற்றையெல்லாம் பார்க்காமல் "என்ஜின் இறக்கணும் சார்" என்று சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள். முதலில் ஆயிலை வடிக்கச் சொல்லுங்கள். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்தால் தேய்ந்த சக்கரத்தை மட்டும் மாற்றுவது வீண். அதன் ஜோடியையும் ஃபோர்க்கையும் சேர்த்துப் பாருங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கியர் மலிவாகக் கிடைக்கும். அது வேறொரு வண்டியில் வேறொரு சக்கரத்தோடு தேய்ந்த சரக்கு, பில்லும் பெரும்பாலும் இருக்காது.

இனி சட்டம். தனி நபரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் உதவாது, ஏனென்றால் அவர் வியாபாரி அல்ல. அங்கே பேசுவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். குறையைச் சொல்லாமல் இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்கிறது அதன் 17ஆவது பிரிவு. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாயைத் திறக்காவிட்டால் அது மோசடி அல்ல என்று உதாரணமும் தருகிறது. ஆனால் அதே பிரிவில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமென்று கொள்வேன் என வாங்குபவர் சொல்லி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரைக்குச் சொன்னது பைக்குக்கும் பொருந்தும். பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "கியர் ஸ்லிப் ஆகுமா? என்ஜின் எப்போதாவது பிரித்தார்களா? குறை எதுவும் சொல்லாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்." அந்த உரையாடலை அழிக்காதீர்கள். கேட்காமலும் ஓட்டிப் பார்க்காமலும் வாங்கியவருக்குச் சட்டத்தில் பிடிமானம் குறைவு.

பழைய வண்டி விற்கும் ஆட்டோ கன்சல்டிங்கில் வாங்கினால் நிலைமை வேறு. பழைய பொருள் என்பதற்காக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைவிடுவதில்லை. ஆனால் விற்கும்போதே குறை இருந்தது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அதனால் அவசரப்பட்டு என்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்க அழையுங்கள். பிரிக்கும்போது படம் எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, கழற்றிய உதிரிகளைப் பத்திரப்படுத்துங்கள். தேவைப்பட்டால் ஆணையம் அவற்றைச் சோதனைக்கு அனுப்பலாம். இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ஒர்க்ஷாப் வேலையைக் கெடுத்தாலும் இதே வழிதான், அது சேவைக் குறைபாடு.

பேசி முடித்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆனால் ஒன்றில் கவனம் தேவை. அதற்குள் ஆர்சி உங்கள் பெயருக்கு மாறியிருந்தால், சாவியைக் கொடுத்துவிட்டு வருவது போதாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தேதியும் நேரமும் போட்டு ஒப்படைப்புச் சீட்டு வாங்குங்கள். படிவம் 29, 30 இரண்டையும் ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்துப் பெயர் மாறும் வரை இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள்.