அயோவா சீஹாக்ஸ் அணியின் 1943 பருவம்

அயோவா ப்ரீ-ஃப்ளைட் சீஹாக்ஸ் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் விமானிப் பயிற்சிப் பள்ளி ஒன்று அமைத்த அமெரிக்கக் கால்பந்து அணியாகும். அயோவா பல்கலைக்கழக வளாகத்தில் 1942இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியின் அணி, மூன்று பருவங்கள் மட்டுமே ஆடியது. 1943ஆம் ஆண்டுப் பருவத்தில் அது பத்து ஆட்டங்களில் ஒன்பதில் வென்றது. தோற்ற ஒன்றும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான்.

இங்குக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, எறிந்து பிடித்தோ எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடக்க வேண்டும். கடந்தால் ஆறு புள்ளிகள். இதை டச்டவுன் என்பர். அதன்பின் பந்தை உதைத்து இரு கம்பங்களுக்கு இடையே அனுப்பினால் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும். இந்தக் கடைசி விதியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

போருக்கு ஏன் பந்து?

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட பின், கடற்படைக்குக் குறுகிய காலத்தில் ஏராளமான விமானிகள் தேவைப்பட்டனர். கல்லூரியை விட்டு வரும் இளைஞர்களைப் போருக்கேற்றபடி உடலாலும் மனத்தாலும் உரமேற்ற, அயோவா, ஜார்ஜியா, வட கரோலினா, கலிபோர்னியா ஆகிய நான்கு இடங்களில் 1942இல் ப்ரீ-ஃப்ளைட் பள்ளிகள் திறக்கப்பட்டன. இத்திட்டத்தை வகுத்த டாம் ஹாமில்டன், முன்னர்க் கடற்படைக் கல்விக்கழகக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்தவர். எனவே குத்துச்சண்டை, மல்யுத்தம், நீச்சல் ஆகியவற்றோடு கால்பந்தும் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றது.

பயிற்சி மாணவர்கள் சில மாதங்களில் அடுத்த தளத்துக்குச் சென்றுவிடுவார்கள். ஆனால் சீஹாக்ஸ் அணியில் கடற்படைச் சீருடை அணிந்த தொழில்முறை ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். வாஷிங்டன் அணியின் டிக் டாட், சிகாகோ கார்டினல்ஸ் அணியின் வின்ஸ் பனோனிஸ் போன்றோர் அவர்களுள் சிலர். எதிரே நின்றவர்களோ கல்லூரி மாணவர்கள்.

இது நியாயமான போட்டிதானா என்ற கேள்வி இயல்பாகவே எழும். கல்லூரிகளுக்குள்ளேயும் நிலைமை சமமாக இல்லை. கடற்படை, தன் வி-12 திட்டத்தில் கல்லூரிகளில் படித்த பயிற்சியாளர்களை விளையாட அனுமதித்தது. தரைப்படை தன் பயிற்சியாளர்களை அனுமதிக்கவில்லை. அதனால் கடற்படைத் திட்டம் நடந்த நோட்டர் டேம், மிச்சிகன், பர்டூ முதலிய கல்லூரிகள் வலுப்பெற்றன. 1942இல் நாட்டின் முதலிடம் பெற்ற ஒஹாயோ ஸ்டேட், தரைப்படைத் திட்டத்தில் இருந்ததால் அடுத்த ஆண்டு பதினேழு வயதுப் பையன்களை நம்பி ஆட நேர்ந்தது. ஒன்பது ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றது. அந்தப் பையன்களைச் சீஹாக்ஸ் 28–13 என வென்றதைப் பெரிய வீரமாகச் சொல்வதற்கில்லை.

நவம்பர் 20

உண்மையான சோதனை, 1943 நவம்பர் 20இல் சவுத் பெண்ட் நகரில் வந்தது. முதலிடத்தில் இருந்த நோட்டர் டேம் அணியும் இரண்டாமிடத்தில் இருந்த சீஹாக்ஸும் மோதின. இரண்டுமே அதுவரை தோல்வி காணாதவை. நோட்டர் டேமின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஏஞ்சலோ பெர்டெல்லி, ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் மரைன் படைப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தார். (ஆறே ஆட்டங்கள் ஆடியும் அவ்வாண்டின் ஹைஸ்மன் விருது அவருக்கே கிடைத்தது.) அவர் இடத்தில் பதினெட்டு வயது ஜானி லூஜாக் ஆடினார்.

சீஹாக்ஸ் முதலில் முந்தியது. நோட்டர் டேம் சமன் செய்தது. சீஹாக்ஸ் மறுபடியும் டச்டவுன் எடுத்தது. ஆனால் அதற்குப் பின் வந்த கூடுதல் உதை தவறியது. 13–7. பின்னர் கிரெய்ட்டன் மில்லர் நோட்டர் டேமுக்காக எல்லைக் கோட்டைக் கடந்தார். அவர்களின் உதை தவறவில்லை. ஆட்டம் 14–13 என முடிந்தது.

அடுத்த வாரம் சீஹாக்ஸ் மினசோட்டாவை 32–0 என வென்றது. அதே நாளில் மற்றொரு கடற்படைத் தள அணியான கிரேட் லேக்ஸ், கடைசி நிமிடத்துக்குள் ஸ்டீவ் லாக் எறிந்த பந்தால் நோட்டர் டேமை 19–14 என வீழ்த்தியது. ஆக இரு அணிகளுக்கும் ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி. ஆயினும் அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் நோட்டர் டேமே முதலிடத்தில் நீடித்தது, சீஹாக்ஸுக்கு இரண்டாமிடம். நேரில் மோதி வென்ற அணி என்ற வகையில் இம்முடிவு சரியே. அந்த முதல் பத்து இடங்களில் நான்கு படை அணிகள் இருந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

பின் விளைவு

1943இல் சீஹாக்ஸின் பயிற்சியாளர் டான் ஃபரோ. மிசூரி பல்கலைக்கழகத்தில் 1941இல் அவர் வகுத்த ஆட்டமுறை ‘ஸ்பிளிட் டி’ எனப்படும். இதில் முன்வரிசை ஆட்டக்காரர்கள் வழக்கத்தைவிட இடைவெளி விட்டு நிற்பர். பந்தை வைத்திருப்பவர் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுவார். எதிரணியின் காவலர் தன்னைப் பிடிக்க வந்தால் பக்கத்தில் வருபவரிடம் பந்தைத் தள்ளிவிடுவார். வராவிட்டால் தானே உள்ளே பாய்வார். கூடைப்பந்தில் இருவர் சேர்ந்து ஒரு காவலரை ஏமாற்றுவதைக் கண்டு ஃபரோ இதை அமைத்தார்.

அயோவாவில் அவருக்கு உதவியாளர்களாக இருந்து இம்முறையைக் கற்ற இருவர் பட் வில்கின்சன், ஜிம் டேட்டம். போருக்குப் பின் டேட்டம் பயிற்றுவித்த மேரிலாந்து 1953இல் நாட்டின் முதலிடம் பெற்றது. வில்கின்சனின் ஓக்லஹோமா 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றது. மிசூரிக்குத் திரும்பிய ஃபரோ, தாம் கற்றுக்கொடுத்த அதே ஆட்டமுறையிடம் பலமுறை தோற்றார்.

சீஹாக்ஸ் 1944இலும் ஆடி, மிச்சிகனிடம் தோற்ற முதல் ஆட்டம் தவிர மற்றப் பத்திலும் வென்றது. அத்துடன் அணி கலைக்கப்பட்டது.