கைவிட்டது யார்?

எங்கள் தெருவில் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன் வேண்டாம் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் இரண்டு குழந்தைகளோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். பூ கட்டுவாள், நடவுக்கும் போவாள். பென்ஷனுக்குச் சான்றிதழ் வாங்கணும், துணைக்கு வாங்கக்கா என்றாள். போனேன்.

ஒலக்கூரில் டவுன் பஸ் ஏறினதுமே பின்னாலிருந்து ஒரு குரல்: "ஓசி டிக்கெட்டுங்க ஏறியாச்சு, இனிமே நமக்கு எங்க சீட்டு?" 2021 மே மாதம் வந்தது இந்தக் கட்டணமில்லாப் பயணம். 2022 செப்டம்பரில், அப்போது அமைச்சராக இருந்த நம் மாவட்டத்துக்காரர் பொன்முடி, பெண்கள் 'ஓசி'யில் போவதாக மேடையில் சொல்லப்போய் பெரிய சர்ச்சையாகி, பிறகு வருத்தம் தெரிவித்தார். நம் டிக்கெட்டுக்கு அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. பின்சீட்டுக்காரர் பையிலிருந்தா போகிறது?

அதையாவது பொறுத்துக்கொண்டோம். மனு வாங்குகிற இடத்தில், "கைவிடப்பட்டவங்க யாரும்மா? இப்படி வாங்க" என்று உரக்கக் கூப்பிட்டார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இவள் முகம் சுண்டிவிட்டது. என் காதோரம், "அவன் எங்கக்கா என்னைக் கைவிட்டான்? நான்தானே வேணாம்னு வந்தேன்!" என்றாள்.

கூப்பிட்டவரைக் குறை சொல்லி என்ன பயன்? சான்றிதழின் பெயரே 'கணவனால் கைவிடப்பட்ட பெண்' என்றுதான் இருக்கிறது. 1986-ல் வந்த ஓய்வூதியத் திட்டம். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்ததுதான், எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிய வைத்திருக்கிறது. ஆனால் அடி தாங்காமல் துணிந்து வெளியே வந்தவளையும், யாரோ வீசிவிட்டுப் போன பொருள் மாதிரியல்லவா அந்தப் பெயர் காட்டுகிறது! நம் ஊர்க் கிழவிகள் சொல்லும் 'வாழாவெட்டி'க்கு இது ஆபீஸ் பாஷை, அவ்வளவுதான்.

சர்க்கார் வைத்த பெயரை மாற்ற முடியுமா என்று கேட்கலாம். மாற்றியிருக்கிறார்களே! 1998-ல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி வாலிபர்களின் அட்டகாசத்தில் உயிரிழந்த பிறகு வந்த சட்டத்துக்கு 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்றுதான் பெயர். டீசிங் என்றால் ஏதோ மாமன் மகன் கேலி மாதிரி! 2002-ல் அதைப் பெண்களைத் துன்புறுத்துதல் தடைச் சட்டம் என்று மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் கோர்ட்டில் எழுதக்கூடாத சொற்களைத் தொகுத்து ஒரு கையேடு வெளியிட்டது. அதில் 'ஹவுஸ் ஒய்ஃப்' கூட உண்டு, 'ஹோம் மேக்கர்' என்று எழுத வேண்டுமாம். (என் வீட்டுக்காரர் இன்னமும் "சும்மாதான் இருக்கா" என்றுதான் சொல்கிறார். அவருக்கு யார் கையேடு போடுவது?)

'தனித்து வாழும் பெண்' என்று எழுதினால் பென்ஷன் கணக்கு இடித்துவிடுமா என்ன?

சான்றிதழ் வந்துவிட்டது. நாலாக மடித்து டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பெரியவள் ஏழாவது படிக்கிறாள், எழுத்துக்கூட்டாமலே வாசிப்பாள்.